புல்லா, மரமா? மரபியல் வகைப்பாட்டைப் படிக்கும் முறை

மரபியலைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களைத் தொல்காப்பியர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். சொல்லிக் கொடுக்கும் நாமும் பல நேரம் இதைத்தான் சொல்கிறோம். கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனால் நூற்பா அதைச் சொல்கிறதா?

வயிரம் வெளிப்புறத்தில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அவர் சொல்வது இவ்வளவுதான். இதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல். இவை ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதும் உண்மையே. ஆனால் அவர் பார்த்தது தண்டை, விதையை அல்ல. பப்பாளியை வெட்டிப் பாருங்களேன். அது இருவித்திலைத் தாவரம். உள்ளேயோ வெறும் கூடு. வாழை ஒருவித்திலை, அதற்கு வெளியிலும் வயிரம் கிடையாது. ஆக, இரு வகைப்பாடுகளும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன; ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பிறகு எதற்காக வகுத்தார்? அடுத்து வரும் நூற்பாக்களில் விடை இருக்கிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை போன்றவை புல்லுக்குரிய சொற்கள். இலை, தளிர், முறி, அரும்பு, நனை போன்றவை மரத்துக்குரியவை. காய், பழம், தோல் முதலியவை இரண்டுக்கும் பொது. எந்தச் சொல்லை எதற்கு வழங்குவது என்பதே அவருடைய கேள்வி. இன்றும் ‘தென்னை மரம்’ என்கிறோம். ஆனால் ‘தென்னை இலை’ என்று யாரும் சொல்றதில்லை, ஓலைதான். அந்த மரபு நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கு.

லின்னேயசின் நோக்கம் வேறு. உலகத் தாவரங்களை எல்லாம் ஒரே ஒழுங்கில் அடுக்க விரும்பியவர் அவர். 1753இல் தேயிலைக்குப் பெயரிட்டார். 1762இல் இதழ்களின் எண்ணிக்கையை வைத்து, கறுப்புத் தேயிலை ஓர் இனம், பச்சைத் தேயிலை வேறோர் இனம் எனப் பிரித்தார். இரண்டும் ஒரே செடியின் இலைதான், பதப்படுத்தும் முறையே வேறு என்பதை 19ஆம் நூற்றாண்டில் சீனா சென்ற ராபர்ட் ஃபார்ச்சூன் நேரில் கண்டு எழுதினார். பிரித்தது திருத்தப்பட்டது.

திரிங்காப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தேயிலையை நாம் ‘செடி’ என்கிறோம். கவாத்து வெட்டாமல் விட்டால் அது உயர்ந்துவிடும். வயிரம் உள்ளே இருப்பதால் தொல்காப்பியர் கணக்கில் மரம். பாட்டி பறித்ததோ ‘கொழுந்து’: இரண்டு இலையும் ஒரு குருத்தும். முற்றின இலை கூடையில் சேர்ந்தால் தரம் கெடும். அதனால் தோட்டத்துக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. மரபியலின் மரப் பட்டியலில் கொழுந்து இல்லை. ஆனால் ‘இவை போன்றவை எல்லாம்’ என்ற பொருளில் பட்டியல் முடிகிறது. பாட்டியின் சொல்லுக்கும் அங்கே இடம் உண்டு.

தேர்வில் எழுதும்போது வகைப்பாட்டின் அடிப்படை, நோக்கம், வரம்பு என மூன்றையும் காட்டுங்கள். தொல்காப்பியரைத் தாவரவியலாளர் ஆக்க வேண்டாம். சொல்லையும் பொருளையும் இவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதே போதுமான பெருமை.