வரலாற்றுப் புனைவில் ழான் துவால்

முன்னுரை

வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைக் கதைமாந்தராக்கும் படைப்பாளர் சான்றுக்கும் கற்பனைக்கும் இடையே ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டியவராகிறார். அம்மாந்தர் தம் எழுத்து எதனையும் விட்டுச்செல்லாதவராயின் இப்பொறுப்பு மேலும் மிகுகிறது. பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போதலேரின் (1821-1867) வாழ்வில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இடம்பெற்ற கருப்பின நடிகை ழான் துவால் இத்தகையவர். அவரைப் படைத்துக்காட்டிய இரு ஆங்கிலப் புனைவுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

சான்றுகளின் தன்மை

துவாலின் பிறந்த ஆண்டும் ஊரும் உறுதிப்படவில்லை. துவால், லெமேர், புரோஸ்பெர் என அவர் பெயரே பலவாக வழங்கியது. அவர் எழுதிய கடிதங்கள் கிட்டவில்லை. அவரைப் பாரிஸ் மேடையில் சிறு வேடமொன்றில் கண்டதாக ஒளிப்படக் கலைஞர் நதார் எழுதினார். அந்நூல் அவர் மறைவுக்குப்பின் 1911இல்தான் வெளிவந்தது. 1855இல் கூர்பே தீட்டிய 'ஓவியரின் பணிக்கூடம்' என்னும் ஓவியத்தில் போதலேரின் அருகே துவாலின் உருவம் முதலில் இடம்பெற்றுப் பின்னர் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வுருவம் மங்கலாக மீண்டும் தெரியலாயிற்று. 1862இல் மனே தீட்டிய ஓவியமோ அவரைக் 'போதலேரின் காதலி' என்றே சுட்டுகிறது. ஆக, எஞ்சியுள்ள சான்றுகள் யாவும் பிறர் பார்வையில் அமைந்தவை. அவற்றுள் நடிகை என்னும் அடையாளமே மிகவும் தேய்ந்து காணப்படுகிறது.

கார்ட்டரின் சிறுகதை

ஆஞ்செலா கார்ட்டரின் 'கருப்பு வீனஸ்' என்னும் சிறுகதை, 1985இல் வெளிவந்த அதே பெயருடைய தொகுதியில் உள்ளது. துவாலின் பிறப்பிடம் பற்றிய ஐயத்தைக் கதைசொல்லி மறைப்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறாமை இக்கதையின் முதற்சிறப்பு. கவிஞர் வியந்து பாடிய கவர்ச்சிக்கு மாறாக, குளிரும் சலிப்பும் பணமுடையும் உணரும் ஒரு பெண் இதில் தோன்றுகிறார். எனினும் கதையின் பெரும்பகுதி கவிஞரின் அறைக்குள்ளேயே நிகழ்கிறது. துவால் ஆடுவதும் அவர் ஒருவருக்காகவே.

இறுதியில் துவால் கரீபியத் தீவுக்குச் சென்று வசதியாக வாழ்ந்து, கவிஞரிடமிருந்து பெற்ற மேகநோயைக் குடியேற்ற அதிகாரிகளுக்குப் பரப்புகிறார். நோயின் மூலம் கவிஞரே எனக் காட்டுவதால் பழைய பழி திசைமாறுகிறது. ஆயினும் கருப்பினப் பெண்ணை நோயின் ஊர்தியாகக் கண்ட பழைய உருவகம் அங்கு முற்றிலும் அழிந்துவிடவில்லை.

ஹாப்கின்சனின் புதினம்

ஜமைக்காவில் பிறந்த கனடிய எழுத்தாளர் நேலோ ஹாப்கின்சனின் 'உப்புப் பாதைகள்' 2003இல் வெளிவந்தது. இதில் துவால் தனித்து நிற்பதில்லை. சேன் தொமேங்குத் தீவின் கரும்புத் தோட்டத்தில் அடிமையாக வாழும் மருத்துவச்சி, பழைய அலெக்சாந்திரியாவின் பெண் ஒருத்தி ஆகியோருடன் எஸிலி என்னும் தெய்வ ஆற்றலால் அவர் இணைக்கப்படுகிறார். கவிஞரின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக இருந்தவருக்கு அவருக்கே உரிய மரபு ஒன்று இங்குக் கிடைக்கிறது. அரங்கத் தோழியுடன் அவர் கொள்ளும் உறவு, கவிஞரைச் சாராத வாழ்வும் அவருக்கு இருந்திருக்கக்கூடும் என்பதை உணர்த்துகிறது. ஆனால் தெய்வம் அவர் உடலுள் புகுந்து உணர்வதும் இயக்குவதும் ஒரு வினாவை எழுப்புகிறது. கவிஞரின் கருவியாக இருந்தவர் இங்கே வேறோர் ஆற்றலின் கருவியாகிறார் அல்லரோ?

முடிவுரை

கார்ட்டர் ஐயத்தை நேர்மையுடன் பேணுகிறார். எனினும் கவிஞரின் அறையை விட்டு வெளியேறத் தயங்குகிறார். ஹாப்கின்சன் அவ்வறையின் கதவைத் திறக்கிறார். எனினும் குறியீட்டின் சுமையைத் துவாலின்மீது ஏற்றுகிறார். இருவருமே மீட்டளிப்பது பெண்ணையே, நடிகையை அன்று. ஒத்திகை, ஊதியம், பிறர் எழுதிய உரையைத் தன் குரலில் பேசும் கலை ஆகியவை இன்னும் எழுதப்படாத பகுதிகளாகவே உள்ளன. துவாலின் சொற்கள் கிட்டாதபோது அவருக்குக் குரல் தருவது தவறன்று. அக்குரல் தருபவருடையது என்பதை வாசகர் உணருமாறு எழுதுவதே அத்தகைய புனைவின் அறம் எனலாம். அழித்த உருவம் மங்கலாகவே மீண்டும் தோன்றும் கூர்பேயின் ஓவியம் அவ்வறத்திற்குத் தக்க சான்றாகிறது.