கோல் காப்பாளரின் கால்கள்

பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹாக்கியை நம்மில் பலர் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறோம். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அது சிறுவர் முதல் முதியவர் வரை அறிந்த ஆட்டம். தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தவிர, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பொழுதுபோக்காக ஆடும் நடுவயதினரும் அங்கே ஏராளம். இவர்களுள் கோல் காப்பாளரின் பாடுதான் மிகவும் கடினம். அந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெயர் பெற்ற ஒன்று, ஜார்ஜ் பிளிம்ப்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ‘ஓப்பன் நெட்’. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது.

ஓர் அறிவியல் இதழில் ஆட்டத்தைப் பற்றிய நூலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மனித உடலைப் பற்றி இந்நூல் ஓர் உண்மையை மிக நன்றாகச் சொல்கிறது. அதைவிட முக்கியமான மற்றோர் உண்மை, நூலாசிரியர் கையாண்ட முறையினாலேயே, அதன் பிடிக்குள் வராமல் போய்விடுகிறது. இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

ஐந்து நிமிட ஆட்டம்

பிளிம்ப்டன் (1927-2003) ‘தி பாரிஸ் ரிவியூ’ என்னும் இலக்கிய இதழின் ஆசிரியர். தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே கற்றுக்குட்டியாகப் புகுந்து, தாமே ஆடிப் பார்த்து, அந்த அனுபவத்தை எழுதுவது அவருடைய வழக்கம். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை அவ்வாறு கண்டு எழுதிய ‘பேப்பர் லயன்’ 1966-இல் வெளிவந்து புகழ் பெற்றது. 1977-இல், ஐம்பது வயதில், பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பயிற்சி முகாமில் அவர் கோல் காப்பாளராகச் சேர்ந்தார். பனித்தளத்தில் சறுக்குவதில் அவருக்குத் தேர்ச்சி இல்லை. எனினும் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணிக்கு எதிரான காட்சி ஆட்டம் ஒன்றில் ஐந்து நிமிடம் கோலைக் காக்க அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ரெஜி லீச் என்னும் சிறந்த ஆட்டக்காரர் தனியே வந்து அடித்த தண்டனை அடியை அவர் தடுத்தும் விட்டார்!

நூலின் சிறப்பு அதன் நேர்மை. தம் அச்சத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. வீரர்களின் உடைமாற்றும் அறை, அவர்களது கேலிப் பேச்சு, ஆட்டத்துக்கு முந்திய படபடப்பு ஆகியவற்றை நாமே அருகிருந்து காண்பதுபோல் எழுதியிருக்கிறார்.

அந்த அச்சம் வெறும் கோழைத்தனம் அன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கடினமான ரப்பர் வட்டு பயன்படுகிறது. துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில், அது அடிக்கப்படுவதாகக் கொள்வோம். 12 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு 0.3 நொடி போதும். கண் கண்டதை மூளை அறிந்து தசைக்குக் கட்டளை அனுப்பவே சுமார் 0.2 நொடி ஆகும். மீதி இருப்பது 0.1 நொடிதான். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அந்த நேரத்தில் எவராலும் போய்ச் சேர முடியாது.

அப்படியானால் கோல் காப்பாளர் எப்படித்தான் தடுக்கிறார்? வட்டு அடிக்கப்படுமுன்பே அவர் சரியான இடத்தில் நின்றுவிடுகிறார். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்ப்பவை அவருடைய கால்கள். பார்ப்பவர்கள் கையின் விரைவை வியக்கிறார்கள். வேலையில் பெரும்பகுதியைக் கால்கள் முன்னதாகவே முடித்துவிடுகின்றன. இந்நூலில் நமக்குக் குறையாகத் தோன்றுவது இங்கேதான் தொடங்குகிறது.

முகத்துக்குக் கிடைத்த கவனம்

கோல் காப்பாளரைப் பற்றிய கதைகளில் முதலிடம் முகத்துக்கே. 1959 நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க் நகரில் நடந்த ஆட்டத்தில், ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மாண்ட்ரியல் அணியின் காப்பாளர் ஜாக் பிளாண்டின் முகத்தைத் தாக்கியது. தையல் போட்டபின், முகமூடி அணிந்தால்தான் மீண்டும் ஆடுவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதன்பின் முகமூடி படிப்படியாக எல்லோருக்கும் வழக்கமாயிற்று. பிளிம்ப்டன் சேர்ந்த காலத்தில் பாஸ்டன் அணியில் இருந்த காப்பாளர் ஜெரி சீவர்ஸ் இன்னொரு படி மேலே போனார். முகமூடி மட்டும் இல்லாதிருந்தால் எங்கெங்கே தையல் விழுந்திருக்குமோ அங்கெல்லாம் தம் முகமூடியில் தையல் கோடுகளை வரைந்து வைத்தார்.

இவை சுவையான கதைகள். ஆனால் முகத்தில் பட்ட அடி உடனே தெரியும், ரத்தம் வரும், கூட்டம் பதறும். மூட்டில் நாள்தோறும் சிறிது சிறிதாக ஏற்படும் தேய்மானத்தைப் பார்க்க யாரும் இல்லை. ஐந்து நிமிடம் ஆடும் எழுத்தாளருக்கு முதல் வகைத் துன்பம் விளங்கும். இரண்டாம் வகைத் துன்பம் விளங்க ஆண்டுகள் வேண்டும்.

மறைந்திருக்கும் காயம்

பிளிம்ப்டன் முகாமுக்குப் போன காலத்தில் நின்றபடியே தடுக்கும் முறை பரவலாக இருந்தது. பின்னர், குறிப்பாக 1980-களில் பேட்ரிக் ராய் புகழ் பெற்றபின், ‘வண்ணத்துப்பூச்சி’ முறை எங்கும் பரவியது. இதில் காப்பாளர் இரு முழங்கால்களையும் ஒன்றுசேர்த்துத் தரையில் இறக்கி, கணுக்கால்களை இருபுறமும் விரிக்கிறார். கோலின் கீழ்ப்பகுதி முழுவதும் அடைபடுகிறது. பார்வைக்கு வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் விரிவதுபோல் இருக்கும்.

அழகான இந்த நிலைக்கு விலை உண்டு. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பு எலும்பின் குழி ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ‘லேப்ரம்’ என்னும் நார்க்குருத்து வளையம் உள்ளது. தொடையை மடக்கி உட்புறமாகத் திருப்பும்போது எலும்பின் கழுத்துப் பகுதி இந்த விளிம்பை நெருங்குகிறது. கழுத்தில் இயல்புக்கு மீறிய புடைப்பு இருந்தால் அது விளிம்பை இடிக்கும். ஓர் ஆட்டத்தில் பலமுறை, ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான முறை இது நேர்ந்தால் வளையம் நைந்து கிழியலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய இடிபாடு மூட்டுத் தேய்வுக்கு ஒரு காரணம் என்று விளக்கி மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. பனி ஹாக்கிக் காப்பாளர்களிடம் இப்புடைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. புடைப்பு உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

2003-இல் தெளிவானதை 1985-இல் எழுதியிருக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. அன்று அறியப்படாததற்காக ஒரு நூலைக் குறை சொல்வது முறையன்று. நம் குறை வேறு. உள்ளே புகுந்து உண்மையைக் கண்டு வருவதாகச் சொல்லும் இவ்வகை நூல், துணிவும் நகைச்சுவையும் இருந்தால் போதும் என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடுகிறது. பொழுதுபோக்காக ஆடத் தொடங்கும் நாற்பது வயதுக்காரருக்கு அந்த எண்ணம் ஆபத்தானது. 1983-இல் வெளிவந்த கென் டிரைடனின் ‘தி கேம்’ நூலை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாண்ட்ரியல் அணிக்குப் பல ஆண்டுகள் கோல் காத்தவர் டிரைடன். ஒரே வேலையை நாள்தோறும் செய்வதன் சலிப்பும் களைப்பும் அவர் எழுத்தில் உண்டு. நகைச்சுவையில் பிளிம்ப்டன் முந்துகிறார். காலத்தின் சுமையைக் காட்டுவதில் டிரைடன் முந்துகிறார்.

காலணி என்னும் கருவி

கால்தான் வேலை செய்கிறது என்றால், காலணியை ஒரு கருவியாக மதிக்க வேண்டும். சறுக்குக் காலணியின் அலகு நடுவில் சற்றுக் குழிந்து, இரு ஓரங்களிலும் கூர்மையாக இருக்கும். அந்தக் கூர் பனியைப் பற்றினால்தான் காப்பாளர் பக்கவாட்டில் உந்த முடியும். காப்பாளரின் அலகு மற்ற ஆட்டக்காரர்களுடையதைவிடத் தட்டையானது. நிலைத்து நிற்கவும் பக்கவாட்டில் நகரவும் அது உதவுகிறது.

குதிகால் காலணிக்குள் மேலும் கீழும் நழுவினால் என்ன ஆகும்? தசை தரும் உந்துவிசையின் ஒரு பகுதி பாதத்தைக் காலணிக்குள் நகர்த்துவதிலேயே வீணாகிறது. நமக்குக் கிடைத்த 0.1 நொடியில் இது பெரிய இழப்பு. நழுவுவதைத் தடுக்கக் கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் கணுக்காலின் முன்புறத் தசைநாண்கள் அழுந்தி வலிக்கும். கணுக்காலும் முன்னோக்கி மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் இடுப்பும் அந்தக் குறையை ஈடுகட்ட முயலும். ஓரிடத்துக் குறையின் சுமை வேறிடத்தில் ஏறுகிறது.

ஆகவே பொருத்தத்துக்குச் சில எளிய சோதனைகள் உண்டு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனிகள் காலணியின் முன்புறத்தை இலேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கியதும் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் அசையக்கூடாது. நாம் வழக்கமாக அணியும் செருப்பு, ஷூ அளவை அப்படியே சொல்லி இதை வாங்கக்கூடாது. பெரும்பாலும் ஓர் அளவு அல்லது ஒன்றரை அளவு சிறியதே பொருந்தும். இன்றைய காலணிகள் பலவற்றைச் சூடாக்கிப் பாதத்தின் வடிவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். ‘வலித்தாலும் போட்டுப் பழகினால் சரியாகிவிடும்’ என்ற பழைய அறிவுரையை நம்பிக் கால் மரத்துப்போக ஆடுவது அறிவுடைமை ஆகாது.

அறுவைக்குப் பின்

மூட்டில் கிழிசல் ஏற்பட்டு, உடற்பயிற்சி மருத்துவத்தாலும் வலி தணியாதபோது, சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. சிறு துளைகள் வழியே நுண்கருவிகளைச் செலுத்தி, எலும்பின் புடைப்பைச் செதுக்கி, கிழிந்த வளையத்தைத் தைத்துவிடுகிறார்கள். சில வாரம் ஊன்றுகோல். பின்னர் பல மாதப் பயிற்சி.

இங்கும் ஒரு வீரக்கதை உண்டு. அதே பாஸ்டன் அணியின் காப்பாளர் டிம் தாமஸ் 2010-இல் இடுப்பில் அறுவை செய்துகொண்டார். அடுத்த பருவத்தில், 2011-இல், தம் அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தார். அப்போது அவருக்கு வயது 37. கேட்பதற்கு ஊக்கமளிக்கும் செய்தி. ஆனால் தொழில்முறை வீரருக்கு நாள் முழுவதும் பயிற்சியே வேலை. உடனிருந்து கவனிக்க வல்லுநர்களும் உண்டு. அலுவலக வேலை முடிந்து இரவில் ஆடப் போகிறவருக்கு இவை வாய்ப்பதில்லை. வீரரின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நடந்த வழியை விட்டுவிடுவது தவறு.

குணமடைதலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வலியும் வீக்கமும் தணிய வேண்டும். அடுத்து மூட்டு தன் முழு அசைவைப் பெற வேண்டும். பின்னர் வலிமை. படுத்திருந்த சில வாரங்களிலேயே தொடைத் தசை இளைத்துவிடும். அது திரும்பி வர மாதங்கள் ஆகும். தையலிட்ட திசு வலுப்பெறுவது இன்னும் மெதுவாக நடக்கும். பனித்தளத்திலும் முதலில் நேர்ச் சறுக்கல், பின் பக்கவாட்டு நகர்வு, பின் முழங்காலிடுதல், இறுதியில்தான் வட்டை எதிர்கொள்வது. இத்தனை வாரம் கடந்துவிட்டது என்ற கணக்கு மட்டும் போதாது. இரு கால்களின் வலிமையையும் அளந்து ஒப்பிட வேண்டும். பழுதுபட்ட கால் மற்றதன் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா என்று பார்ப்பது மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் ஓர் அளவுகோல்.

காலில் அறுவை செய்தவர்கள் காலணியையும் மறுபடி சோதிக்க வேண்டும். பாதத்திலும் கணுக்காலிலும் வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். முன்பு கச்சிதமாக இருந்த காலணி இப்போது அழுத்தலாம். பழைய காலணிக்குள் புதிய காலைத் திணிப்பது, குணமாகும் உறுப்புக்கு இழைக்கும் தீங்கு.

நம் தீர்ப்பு

இவ்வளவு சொன்னபின், ‘ஓப்பன் நெட்’ படிக்கத் தக்கதா? படிக்கத் தக்கதே. தாம் அஞ்சியதை ஒளிக்காமல் எழுதியதுதான் பிளிம்ப்டனின் பெரிய நன்கொடை. அறுவைக்குப் பின் களத்துக்குத் திரும்புவோரைத் தடுத்து நிறுத்துபவற்றுள் மீண்டும் அடிபடுமோ என்ற அச்சமும் ஒன்று. அதை வெட்கப்படாமல் மருத்துவரிடமும் பயிற்றுநரிடமும் சொல்பவருக்கு, அதற்கேற்பப் பயிற்சியை அமைத்துத் தர அவர்களால் முடியும். அந்த வகையில் இந்நூல் நோயாளிக்கும் ஒரு நல்ல பாடம் சொல்கிறது.

ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகும் ஒரு துணிச்சலை, வாழ்நாள் முழுவதும் நமக்கு உழைக்க வேண்டிய மூட்டுகளுக்கு வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள். நம் ஊர்த் திடலில் கபடியோ கால்பந்தோ ஆடி முழங்காலில் அடிபட்டவருக்கும் இதே விதிதான். விளையாட்டைப் பற்றிய நூல் எதுவானாலும், அதில் யார் வென்றார் என்று பார்த்தபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மறுநாள் காலையில் அவரால் மாடிப்படி ஏற முடிந்ததா?