ஆர்க்கேடியாவின் ருசி

லண்டனிலிருந்து இரண்டு வார லீவில் வந்த அக்கா பையன், மொட்டை மாடியில் என்னை ஓரங்கட்டி, ‘‘மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பைப் பிடிக்கலாம்னு இருக்கேன். கடையில வரிசையா டப்பா அடுக்கி வெச்சிருக்கான். எனக்கு எது ஒத்துவரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?’’ என்றான்.

நான் ஒரு காலத்தில் பைப் பிடித்தவன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். விட்டு ரொம்ப வருஷமாகிவிட்டது. ‘வேண்டாம்டா’ என்றால் கேட்கிற வயசில்லை அவனுக்கு. அதனால் உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தேன். ஜே.எம்.பாரி 1890-ல் வெளியிட்ட ‘மை லேடி நிக்கோடின்’. பின்னால், 1904-ல் ‘பீட்டர் பேன்’ நாடகம் போட்ட அதே பாரிதான்.

கதை என்று பெரிதாக இல்லை. கல்யாணத்துக்காகப் புகைப்பதை விட்டுவிட்ட ஒரு ஆசாமி, தன் பிரம்மச்சாரி நாட்களை நினைத்துப் பார்க்கிறார். மாரியட், ஜிம்மி, கில்ரே, ஸ்க்ரிம்ஜர் என்று நண்பர்கள். ராத்திரியானால் இவர் அறைக்கு வந்து நாற்காலிகளை ஆக்கிரமித்துக்கொண்டு புகை விடுவார்கள். கில்ரே ஊருக்குப் போகும்போது பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போக, இவர் மறந்துபோய்ச் சமாளிக்கிற அத்தியாயத்துக்கு இன்றைக்கும் சத்தமாகச் சிரிக்கலாம்.

எல்லோரும் பிடிப்பது ஒரே கலவை: ஆர்க்கேடியா. உலகத்தில் புகையிலை இரண்டே வகை. ஒன்று ஆர்க்கேடியா, மற்றது மற்றதெல்லாம் என்பது இவர்கள் சித்தாந்தம். சரி, அது எப்படி இருக்கும்? அங்கேதான் பாரி நழுவுகிறார். அதை வர்ணிக்க ஆரம்பித்தால் பைப் அணைந்துவிடுமாம்! கடை எங்கே என்றும் சொல்ல மாட்டார். வாசகருக்கு அதைப் பிடிக்கத் தகுதி இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம்.

முதல் தடவை படித்தபோது இது எனக்குக் குறையாகப் பட்டது. ஏனென்றால் புகையிலை ருசியை வர்ணிப்பது அப்படியொன்றும் முடியாத காரியமில்லை. அடிப்படை இலைகள் கொஞ்சம்தான். வர்ஜீனியாவைக் கொட்டகையில் புகை படாமல் சூட்டில் மட்டும் பதப்படுத்துவார்கள், சர்க்கரை நிற்கும். காய்ந்த புல் வாசனை, லேசான தித்திப்பு. அவசரமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். பர்லி நிழலில் காற்றாட உலர்வது. சர்க்கரை கம்மி, வறுத்த கொட்டை மாதிரி ஒரு ருசி. வெனிலா, செர்ரி என்று எதைத் தெளித்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். லட்டாக்கியா, சிரியாவின் துறைமுகத்துப் பேர் கொண்டது. பிற்பாடு சைப்ரஸிலிருந்தும் வந்தது. விறகுப் புகையிலேயே ஊறுவதால் கரி அடுப்பு வாசனை. பெரிக், அமெரிக்காவின் லூயிசியானாவில் பீப்பாயில் போட்டு அழுத்திப் புளிக்க வைப்பது. மிளகு மாதிரி கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். கேவண்டிஷ் என்பது இலையே இல்லை. ஆவி காட்டி அழுத்தி இனிப்பேற்றும் பக்குவம். நம் காபிக் கடையில் சிக்கரி எத்தனை பர்சென்ட் என்று கேட்கிறோமே, அதே கணக்குதான். தனி இலையை அறிந்தவனுக்குக் கலவை புரியும்.

இதில் ஒரு வரிகூட பாரியிடம் கிடையாது. ‘எனக்கு எது ஒத்துவரும்’ என்று கேட்பவனுக்கு அந்த வகையில் உபயோகமில்லாத புத்தகம்.

பின் எதற்குக் கொடுத்தேன்? ஷெர்லக் ஹோம்ஸ்தான் காரணம். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர்; 1887-ல் வந்த தன் முதல் நாவலிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்தவர். 1893-ல் வந்த ‘தி க்ரூக்கட் மேன்’ கதையில் வாட்சனின் கோட்டில் ஒட்டியிருக்கும் சாம்பலைக் கவனிக்கிறார். பிரம்மச்சாரியாக இருந்தபோது பிடித்த ஆர்க்கேடியாவை இன்னும் விடவில்லையா என்கிறார். கோனன் டாயிலும் பாரியும் சிநேகிதர்கள். நண்பரின் ஜோக்குக்கு ஒரு சலாம். ஆனால், டாயில் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆர்க்கேடியா என்பது ருசி அல்ல. அது பிரம்மச்சரியம். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வரும் நாலு பேர். அதை எந்த டப்பாவில் அடைப்பது?

அடைத்தார்கள். ஆர்க்கேடியா என்று தான் எழுதியது க்ரேவன் மிக்ஸர்தான் என்று பாரி எழுதிக் கொடுக்க, அதைத் தயாரித்த கரேராஸ் கம்பெனி அதையே விளம்பரமாக்கியது. எத்தனை பேர் அந்த டப்பாவை வாங்கி, நண்பர்கள் வராத அறையில் தனியாகப் பிடித்து ஏமாந்தார்களோ!

நானும் ஏமாந்தவன்தான். ஐந்து வருஷம் எனக்கு லட்டாக்கியா பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் பிடிக்கும். பிற்பாடுதான் தெரிந்தது, எனக்குப் பிடித்தது லட்டாக்கியா இல்லை. என்னுடைய முதல் மேலதிகாரி. அவர் அதைப் பிடித்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகு டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை.

புத்தகத்தின் நிஜமான குறை வேறு. அதை பாரி மேல் சுமத்த முடியாது. நுரையீரல் புற்றுநோயையும் புகையையும் டாலும் ஹில்லும் கணக்குப் போட்டு இணைத்தது 1950-ல். பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை சொன்னது 1964-ல். பைப் வாயையும் தொண்டையையும் சும்மா விடுவதில்லை. 1890-ல் இருமல் ஒரு தமாஷ். இப்போது படிக்கும்போது அந்த அறையின் புகையில் சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் பயமும் சேர்ந்துகொள்கிறது.

கடைசி அத்தியாயம்தான் உச்சம். வீடு தூங்கிவிட்டது. மனைவியும் தூங்கிவிட்டாள். நம் ஆசாமி காலி பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் பைப்பைத் தட்டும் சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே அவரோடு சேர்ந்து இவரும் பிடிக்கிறார், புகையிலை இல்லாமல். புத்தகம் முழுக்கச் சொல்ல மறுத்த ருசியை பாரி இங்கேதான் சொல்கிறார்.

மூன்றாம் நாள் பையன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

‘‘படிச்சியா?’’

‘‘படிச்சேன். மாமா, உங்க பைப்பை வெச்சிருக்கீங்களா?’’

‘‘இருக்கு.’’

‘‘காலியாவா?’’

‘‘காலியாத்தான்.’’

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, ‘‘அங்கே ரூம்ல நான் மட்டும்தான் மாமா. பேசறதுக்கு யாருமில்லை’’ என்றான்.

எது ஒத்துவரும் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. கேள்வி புகையிலையைப் பற்றியதில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.