கேட்டலும் கீழ்ப்படிதலும்: தேம்பாவணி காட்டும் வளன்

‘கேள்’ என்னும் தமிழ் வினைக்குப் பொருள் பலவாகும். செவியால் ஏற்றல் ஒன்று. ஐயத்தை வினவுதல் மற்றொன்று. சொன்னவாறு நடத்தல் பிறிதொன்று. ‘பிள்ளை சொன்னால் கேட்பதில்லை’ என்று ஒரு தாய் வருந்துங்கால், அவன் செவிப்புலன் பழுதுபட்டது என்பது அதன் பொருளன்று. சொல் செவியோடு நின்றுவிட்டது என்பதே பொருள். கிறித்தவ மறையின் மூலமொழிகளிலும் இவ்வுறவு காணப்படுகின்றது. எபிரேய மொழியின் ‘ஷெமா’ என்னும் சொல் கேட்டலையும் கேட்டவாறு ஒழுகுதலையும் ஒருங்கே சுட்டும். கீழ்ப்படிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ, கேட்டலைக் குறிக்கும் சொல்லினடியாகவே பிறந்ததாகும்.

மலைப்பொழிவின் இறுதியில் இயேசு கூறும் உவமை இக்கருத்தை மேலும் தெளிவாக்குகின்றது. ஒருவன் பாறைமீது வீடு கட்டினான். மற்றவன் மணல்மீது கட்டினான். இருவரும் அதே சொற்களைக் கேட்டவர்களே. வேறுபாடு செவியில் இல்லை. கேட்டபின் செய்ததிலும் செய்யாததிலுமே உள்ளது. மழையும் வெள்ளமும் வந்தபோதுதான் அவ்வேறுபாடு வெளிப்பட்டது.

இந்தக் கேட்டலின் திருவுருவாக விளங்குபவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை. அவரையே தலைவராகக் கொண்டு, 1726ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய பெருங்காப்பியம் தேம்பாவணி. இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் போந்து, செந்தமிழ் கற்றுத் துறைபோகிய அம்முனிவர், சூசைக்கு ‘வளன்’ என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது இந்நூல்.

காப்பியத் தலைவன் என்போன் போர் வெல்பவன்; நாடு ஆள்பவன்; அவை நடுவே நின்று உரையாற்ற வல்லவன். மத்தேயு நற்செய்தி காட்டும் சூசையோ ஒரு தச்சர். நற்செய்தி நூல்கள் நான்கினுள்ளும் அவர் வாய்மொழியாக ஒரு சொல்லேனும் பதிவாகவில்லை. அவர் உறங்குகின்றார், கனவில் இறைமொழி கேட்கின்றார், விழித்தெழுந்து அவ்வாறே செய்கின்றார். பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத் தலைவராக்குதல் எளிய செயலோ? வீரமாமுனிவரின் துணிவும் இடர்ப்பாடும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

துணிவு வென்ற இடம், ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் ஆகும். மரியாள் கருவுற்றமை அறிந்த சூசை, அவரை மறைவாக விலக்கிவிட எண்ணியதையும், கனவில் உண்மை உணர்ந்து ஏற்றுக்கொண்டதையும் மத்தேயு சில வரிகளில் சொல்லி முடிப்பார். முனிவரோ இதற்கு இரு படலங்களை ஒதுக்குகின்றார். இஃது வெறும் விரிவன்று. நீதிமான் ஒருவனுக்குத் தன் நீதியே தடையாகும் நேரம் உண்டு. தான் நேர்மையென்று கருதி எடுத்த முடிவை, அதனினும் உயர்ந்த உண்மை கேட்டபோது கைவிடுதலே கீழ்ப்படிதலின் கடினமான பகுதி. ஐயமே கொள்ளாதவன் கீழ்ப்படிவதில் பெருமை யாது? ஐயத்தைத் தனிப் படலமாக நிறுத்தியதனால், பின்வரும் பணிவுக்கு எடை கூடுகின்றது.

இடர்ப்பாடு தோன்றும் இடமும் உண்டு. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகின்றான் என்று கனவில் கேட்ட சூசை, இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகின்றார். விடியும்வரை காத்திருக்கவில்லை என்பதே மத்தேயுவின் சுருக்கமான நடையில் உயிர்நாடி. தேம்பாவணியிலோ அப்பயணத்தினிடையே சோசுவன் வெற்றிப் படலம் போன்ற பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாய் விரிகின்றன. அவை தம்மளவில் சுவை மிக்கவை. காப்பிய இலக்கணத்திற்கும் ஏற்றவை. எனினும் அணிகளும் கதைகளும் பெருகப் பெருக, அந்த நள்ளிரவின் விரைவு தளர்ந்துவிடுகின்றது என்பதை நடுநிலையோடு நோக்குவார் மறுத்தல் இயலாது. கேட்டவுடன் எழுந்த மனிதரின் மௌனம், பாடலின் ஓசையில் சற்றே மறைகின்றது.

இங்கே மாணவர் உணர வேண்டிய உண்மை மற்றொன்றும் உண்டு. கீழ்ப்படிதல் வேறு, அடங்கிப்போதல் வேறு. இறைமொழிக்குக் கீழ்ப்படிந்த அதே செயலால், சூசை ஏரோதின் ஆணைக்குத் தப்பினார். அரச அதிகாரத்தை மீறினார். உண்மைக்குத் தலைவணங்குபவன் எல்லா ஆணைக்கும் தலைவணங்குபவன் அல்லன். எகிப்திலிருந்து மீளும்போதும், யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்வதைக் கேள்வியுற்று, அங்குச் செல்ல அஞ்சினார். கனவில் பெற்ற எச்சரிக்கையின்படி கலிலேயாவுக்குச் சென்றார். கேட்டலில் அறிவும் உண்டு, ஆராய்தலும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நடத்தல் அன்று அது.

வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். ‘கேள்வி’ என்னும் அதிகாரம் பொருட்பாலில் உள்ளது. செவிச்செல்வத்தின் சிறப்பைத் தமிழர் எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதை அவர் நன்கு அறிந்திருப்பார். கேள்வியைப் போற்றிய மக்களிடம், கேட்டு நடந்த ஒருவரின் வரலாற்றை அவர் கொண்டு வந்து வைத்தமை எத்துணைப் பொருத்தம்! காப்பியம் முடிசூட்டு படலத்தோடு நிறைவுறுகின்றது. அம்முடி போரில் வென்றவனுக்குச் சூட்டப்பட்டதன்று. கேட்டு நடந்த தச்சருக்குச் சூட்டப்பட்டது. தமிழ்க் காப்பிய மரபில் தலைவனுக்குரிய வீரத்திற்கு இந்நூல் புதுப்பொருள் தந்துள்ளது என்று துணிந்து கூறலாம்.

வகுப்பறையில் தேம்பாவணியைப் பயிற்றுவோர் அணிநலமும் சொல்நலமும் காட்டுதல் தக்கதே. ஆயின் அவற்றோடு அமையாது, ‘வளன் கேட்டது என்ன? கேட்டபின் செய்தது என்ன?’ என்னும் இரு வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். எச்சமயத்தைச் சார்ந்த மாணவர்க்கும் அவ்வினாக்கள் உரியவை. உண்மையைக் கேட்டறிந்தோர் உலகில் பலர். கேட்ட அன்றிரவே எழுந்து நடந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரின் பெருமையைத் தமிழில் நிலைநாட்டியதே தேம்பாவணியின் தனிச்சிறப்பாகும்.