பாதியில் நின்ற ஓட்டமும் பார்த்தவர் தீர்ப்பும்

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் மாலை 6 மணிக்கு, கிரேக்க நாட்டின் மாரத்தன் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் நகர் நோக்கி, ஒலிம்பிக் போட்டியின் பெண்கள் மாரத்தன் ஓட்டம் தொடங்கிற்று. ஓட வேண்டிய தொலைவு 42.195 கிலோமீட்டர். பொழுது சாயும் வேளையாயினும் வெப்பம் 35 பாகை செல்சியசை ஒட்டி நின்றது. ஓடியோருள் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் மேல்தான் உலகத்தின் கண் பதிந்திருந்தது. முந்திய ஆண்டு இலண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலகச் சாதனை நிறுவியவர் அவர். அவரே வெல்வார் என்று அவர் நாட்டு மக்களிற் பலர் முன்பே முடிவு செய்துவிட்டனர்.

நடந்தது வேறு. ஜப்பானின் மிசுகி நொகுச்சி 25ஆம் கிலோமீட்டரை ஒட்டிப் பிரிந்து முன்னேறினார். கென்யாவின் காத்தரின் நிடெரெபாவும் எத்தியோப்பியாவின் எல்ஃபெனெஷ் அலெமுவும் ராட்கிளிஃபைக் கடந்தனர். நான்காம் இடத்துக்குத் தாழ்ந்த அவர், ஏறத்தாழ 36ஆம் கிலோமீட்டரில் நின்றார். மீண்டும் ஓட முயன்றார். முடியாமல் மீண்டும் நின்றார். சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். நொகுச்சி 2 மணி 26 நிமிடம் 20 வினாடியில் வென்றார். ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டர் ஓட்டத்திலும் இறங்கிய ராட்கிளிஃப், 25 சுற்றுகளில் 8 சுற்று எஞ்சியிருக்கையில் அதிலிருந்தும் வெளியேறினார்.

அன்றிரவே தொடங்கியது இரசிகர்களின் ஆராய்ச்சி. பொன் கை நழுவியதும், பிறகு வெண்கலமும் போயிற்று என்று கண்டதும், ஓடுவதில் பயனில்லையென்று நின்றுவிட்டார் என்றனர் ஒரு சாரார். வெயில் வீழ்த்தியது என்றனர் மற்றொரு சாரார். மேட்டுப் பாதை வாட்டியது, மிகுதியான பயிற்சி உடலை உருக்கியது, நாட்டின் எதிர்பார்ப்பு நெஞ்சை அழுத்தியது என்று காரணங்கள் வளர்ந்துகொண்டே சென்றன. செய்தித்தாள்களும் இவ்வழக்கில் இரு பக்கமும் நின்று வாதாடின. பழித்தவரும் பரிந்தவரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டனர்: அந்தப் பெண்ணின் உடலுக்குள் நிகழ்ந்தது தமக்குத் தெரியும் என்று இரு சாராரும் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அறிவு வரும் வழிகளைத் தமிழ் நூலோர் காண்டல், கருதல், உரை என்று வகுத்தனர். கண்ணாற் காண்பது காண்டல். கண்டதை ஏதுவாகக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். அறிந்தார் சொல்வதை ஏற்பது உரை. புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் கருதலுக்குப் பழைய எடுத்துக்காட்டு. ஆயினும் கண்டது புகைதானா, பனியோ ஆவியோ என்ற ஐயம் தீராதபோதே நெருப்பு உண்டு என்று துணிவது குற்றம் என மணிமேகலையின் 29ஆம் காதை விளக்குகிறது. ஏதென்ஸ் சாலையிலும் நிகழ்ந்தது இக்குற்றமே.

காண்டலில் அடங்குவன மிகச் சில. அவர் பின்தங்கினார், நின்றார், அழுதார். இவ்வளவே எல்லார் கண்ணுக்கும் பட்டவை. பதக்க வாய்ப்புப் போனதனால் நின்றார் என்பது கருதல். முன்னது நிகழ்ந்தபின் பின்னது நிகழ்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஏது இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. உடலின் ஆற்றல் உள்ளே வற்றிக்கொண்டிருந்தால், பின்தங்குதலும் அதனால் வரும். நிற்றலும் அதனால் வரும். ஒரு காரணத்தின் இரண்டு விளைவுகளில் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்குவது முறையாகுமா?

பரிந்து பேசியோரின் ஊகமும் இதனினும் உறுதியானது அன்று. பாதையின் ஏற்றம் 32ஆம் கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. அதன்பின் நகரை நோக்கி இறக்கமே. அவர் நின்றது இறக்கத்தில். வெயிலோ எல்லாரையும் ஒப்பக் காய்ந்தது. அதே வெயிலில்தான் நொகுச்சி வென்றார். ஏற்றமும் வெப்பமும் அவரை வாட்டியிருக்கலாம். ஆனால் அவை மட்டுமே காரணம் எனச் சொல்ல இடமில்லை. 10,000 மீட்டரில் வெளியேறியதையும் இவ்வாறே காணவேண்டும். மனம் உடைந்தவர் என்பதற்கு அது சான்று என்றனர் சிலர். ஐந்தே நாளில் மறுபடியும் களத்துக்கு வந்ததே துணிவுக்குச் சான்று என்றனர் வேறு சிலர். ஒரே செயல் அச்சத்துக்கும் துணிவுக்கும் ஒப்ப ஏதுவானால், அது எதையும் நிறுவாது. அநைகாந்திகம் என்று மணிமேகலை பெயரிடுவது இத்தகைய ஏதுவையே.

எஞ்சியது உரை. ராட்கிளிஃப் பின்னர் அளித்த விளக்கம் இது. போட்டிக்குச் சற்று முன்னர் அவர் காலில் காயம் பட்டிருந்தது. அதற்காக வீக்கம் தணிக்கும் மருந்தை மிகுதியாக உட்கொண்டார். அம்மருந்து வயிற்றைக் கெடுத்தது. உண்ட உணவு உடலிற் சேரவில்லை. ஆகவே ஓடுதற்கு வேண்டிய ஆற்றல் இல்லாமற் போயிற்று. இவ்விளக்கம் நடந்தவற்றோடு பொருந்துகிறது. தொடக்கத்தில் முன்னணியோடு ஓடியவர், உடலிற் சேமித்த சர்க்கரைச் சத்துத் தீரும் கட்டத்தில் தளர்ந்தார். மாரத்தன் ஓடுவோர் பலர் 30ஆம் கிலோமீட்டருக்குப் பின் அஞ்சுவதும் இந்தக் கட்டத்தையே. ஆயினும் இது அவரே தம்மைப் பற்றிச் சொன்ன உரை. அதற்குரிய மதிப்பை அளிப்பதே நேர்மை. அதற்கு மேலும் வேண்டா, கீழும் வேண்டா. கருத்துரைத்த இரசிகர்கள் பலர் இவ்வுரைக்காகக் காத்திருக்கவில்லை என்பதே குறை.

அதே ஆண்டு நவம்பரில் அவர் நியூயார்க் மாரத்தனில் வென்றார். 2005இல் ஹெல்சிங்கியில் உலகப் பட்டமும் பெற்றார். இலண்டனில் நிறுவிய சாதனையை 2019 அக்டோபரில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் சிகாகோவில் முறியடிக்கும் வரை 16 ஆண்டு எவரும் எட்டவில்லை. இவ்வெற்றிகளைக் காட்டிப் பழித்தவர் வாயை அடைக்க முயல்வோர் உளர். அதுவும் தருக்கமாகாது. நியூயார்க் வெற்றி நியூயார்க்கில் அவர் வென்றதை மட்டுமே மெய்ப்பிக்கும். அதன்பின் அவர் ஒரு போட்டியிலும் வெல்லாமல் இருந்திருந்தாலும், ஏதென்ஸில் அவர்மேல் சுமத்திய பழி ஆதாரமற்றதாகவே இருந்திருக்கும்.

ஊகம் ஆளுக்கேற்ப மாறுவதையும் கவனித்தல் வேண்டும். அதே மாலையில் வேறு பலரும் ஓட்டத்தை முடிக்கவில்லை. அவர்களின் மனவுறுதியை எவரும் எடைபோடவில்லை. 2024இல் பாரிசில், முன்பு இரு முறை ஒலிம்பிக் பொன் வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே முதுகு வலியால் பாதியில் நின்றார். அவரைக் கோழை என்றவர் அரியர். அவர் காலம் முடிந்தது என்றவரே மிகுதி. நிற்றல் என்னும் செயல் ஒன்றே. பொன் வெல்லாதவரிடம் அது நெஞ்சின் குறையாயிற்று. வென்றவரிடம் வயதின் குறையாயிற்று. பார்ப்பவர் முன்னரே கொண்டிருந்த கருத்துத்தான் காரணமாக வெளிவருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனால் வரும் தீங்கு சிறிதன்று. 1912இல் ஸ்டாக்ஹோம் மாரத்தனில் வெயிலிற் சுருண்டு விழுந்த போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ மறுநாள் உயிர் நீத்தார். 1984இல் லாஸ் ஏஞ்சல்சில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ், கால் பின்ன, உடல் ஒரு பக்கம் சாய, அரங்கின் கடைசிச் சுற்றைத் தள்ளாடி முடித்தார். திரண்டிருந்த மக்கள் ஆர்ப்பரித்தனர். மருத்துவர்கள் அருகிலிருந்து கவனித்தமையாலும் அவர் விரைவில் தேறியமையாலும் அது வீரக் கதையாக நிலைத்தது. தேறாதிருந்தால்? விழும்வரை ஓடுபவரைப் போற்றி, விழுமுன் நிற்பவரைத் தூற்றும் கூட்டம், அடுத்து ஓடுபவருக்குக் கற்பிக்கும் பாடம் யாது? ஊர்த் திடலில் ஓடும் பிள்ளைகளும் அந்தப் பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இரசிகர்கள் பேசவே கூடாது என்பது இதன் கருத்தன்று. அவர் வகுத்த வேகம் சரியா, காயத்தோடு களமிறங்கியது அறிவுடைமையா, மருந்தை அவ்வளவு கொண்டது தகுமா என்பன எல்லாம் கேட்கத்தக்க கேள்விகள். அவற்றுக்குச் செய்தியும் அளவும் கொண்டு விடை தேடலாம். ஒருவர் நெஞ்சில் உறுதி இருந்ததா இல்லையா என்பதற்கு, சாலையோரம் நின்றவரிடமும் தொலைக்காட்சி முன் அமர்ந்தவரிடமும் அளவுகோல் இல்லை. அங்கே ‘தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்வதே திறனாய்வு. தொலைவின் எல்லை தெரிந்து ஓடுபவர்போல, தம் அறிவின் எல்லை தெரிந்து பேசுபவரும் பாராட்டுக்குரியவரே.