உப்பும் விற்பனை வரியும்

ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' இல்லாத தமிழ் வீட்டு அலமாரி குறைவு. அவருடைய சிறுகதைகளைப் படிக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பிறகு, சர்க்காரின் கை நீளக் கூடாது, வரி குறைய வேண்டும் என்று அவர் ஓயாமல் எழுதிய கட்டுரைகளைத் தொடுவார் இல்லை. அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், 'ஸ்வராஜ்யா' வாரப் பத்திரிகையில் வந்தது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்ன விஷயத்தில் பழுது இல்லை. சொன்ன மாதிரியில்தான் பழுது என்பது என் அபிப்பிராயம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த மாதிரியைப் பற்றித்தான் பேச எனக்கு யோக்கியதை உண்டு.

விஷயம் சுருக்கமானது. தொழில் தொடங்க, சரக்கு வாங்க, விற்க, எல்லாவற்றுக்கும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று வைத்தால், திறமைசாலியைவிட உத்தியோகஸ்தரின் தயவு பெற்றவன்தான் முன்னுக்கு வருவான். அவன் ஆளும் கட்சிக்குப் பணம் கொடுப்பான். ஆளும் கட்சி அவனுக்குப் பெர்மிட் கொடுக்கும். இந்தச் செக்கில் ஆடுகிறவன் வரி கொடுக்கும் சாமானியன். இது ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. 1952 ஜூனில், சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்தபோது, உணவு தானியக் கட்டுப்பாட்டை ராஜாஜி ஒரேயடியாக எடுத்துவிட்டார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று நடுங்கியவர்கள் பலர். பஞ்சம் வரவில்லை. சர்க்கார் ஒதுங்கி நின்றதாலேயே ஒரு காரியம் நடந்தது என்பதற்கு நம் ராஜ்யத்தில் இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு கையிருப்பு வைத்திருந்தவர் சொன்னது ஏன் எடுபடவில்லை? அதற்கு 1930க்குப் போக வேண்டும். ஏப்ரல் 13ந் தேதி திருச்சியிலிருந்து ஏறக்குறைய 100 தொண்டர்களோடு புறப்பட்டு, 150 மைல் நடந்து, அவர் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். தேசபக்தியின் பிரகாசத்தில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம்: அதுவும் வரியை எதிர்த்த காரியம்தான். கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் கட்டிய வரி; கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டிய வரி. ஒரு பிடி உப்பை அள்ளிக் காட்டியதும் எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கும் சங்கதி விளங்கிவிட்டது. 29 வருஷம் கழித்து அதே மனிதர் கட்சிக்கு 21 கொள்கைகள் வகுத்தார். ஒவ்வொன்றும் தர்க்க சுத்தமானது. 21ல் ஒன்றிலாவது ஒரு பிடி உப்பு கிடையாது.

உப்பு அகப்படாமல் இல்லை. அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளும் சாராயமும் தந்த வருமானம் போயிற்று. அதை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாச் சரக்கையும் தொடும் இப்படிப்பட்ட வரியை இந்தியாவில் முதலில் போட்டது சென்னை மாகாணம்தான்.

இந்த வரியின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். கிஸ்தி முகத்துக்கு நேரே வந்து நிற்கும். நான் இருக்கும் இலஞ்சியில் வயல்காரர்களின் பாட்டன்மார் பசலியும் வஜாவும் ஜப்தியும் மனப்பாடமாக அறிந்தவர்கள். விளைச்சல் பொய்த்தால் வஜா கேட்டு மனுப் போடுவார்கள். (டி.கே.சி.யைப் பார்க்கக் குற்றாலம் வந்து தங்கிய நாட்களில் ராஜாஜியும் இந்த வயல்களைப் பார்த்திருப்பார்.) விற்பனை வரிக்கு வஜா கேட்க ஆள் இல்லை. கடைக்காரர் கட்டுகிறார் என்று வாங்குகிறவன் நினைக்கிறான்; கடைக்காரரோ அதை விலையோடு சேர்த்து வாங்குகிறவன் தலையிலேயே இறக்கிவிடுகிறார். கொடுக்கிறவனுக்கு வலிக்காத வரியை ஏற்றுவதில் சர்க்காருக்கு என்ன தயக்கம் இருக்கும்?

இதை ராஜாஜிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடிகாரனின் மனைவிக்காக 'திக்கற்ற பார்வதி'யை எழுதியவருக்கு, நல்லெண்ணெய் வாங்க வந்து காலணா குறைந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பும் பெண்ணைப் பற்றி எழுத வராதா? எழுதவில்லை. அவர் கட்சியில் ராம்கட் ராஜாவும் ஜயப்பூர் மகாராணியும் வந்து சேர்ந்தார்கள். வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மகாராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி பாரமாக இருக்கிறது என்றால், யாருக்குப் பாரம் என்று கேட்கத்தானே செய்வார்கள்?

வேறொன்றும் கேட்டார்கள். கையைச் சுருக்குவதென்றால் எந்த விரலை முதலில் மடக்குவது? 1953ல் அவர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தினம் மூன்று மணி நேரமாக்கி, மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னார். அவர் நோக்கம் வேறு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் விழுந்தது; 1954ல் பதவியும் போயிற்று. பின்னால் காமராஜ் பள்ளியில் மத்தியானச் சோறு போட்டார். அப்போதிலிருந்து சிறிய சர்க்கார் என்றால் பிள்ளையின் தட்டில் கைவைக்கும் சர்க்கார் என்றே நம் ஜனங்களுக்குப் பொருள்படுகிறது. வரியைக் குறை என்று கேட்பவன் நானும்தான். பள்ளிக்கூடத்தையும் சத்துணவையும் தொடமாட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு பேச வேண்டும் என்பது என் கட்சி.

1967 தேர்தல் ஒரு விசித்திரம். தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து சுதந்திராக் கட்சி சட்டசபையில் 20 இடம் பிடித்தது. ஒரே மேடையில் ஒருவர் சர்க்கார் விலகி நிற்க வேண்டும் என்றார். மற்றவர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். ஜனங்கள் காதில் எது விழுந்திருக்கும்? இரண்டாவதில் படி இருந்தது, அரிசி இருந்தது. மூன்று படி வரவில்லை, சென்னையிலும் கோவையிலும் ஒரு படிதான் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. வாக்கியம் மட்டும் நிலைத்துவிட்டது.

1971ல் வருமானத்துக்காக மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வியாபாரத்திலிருந்து சர்க்காரை விலகச் சொன்னவர், பனை மரத்தடியில் போலீஸ்காரனை நிறுத்தச் சொல்கிறாரே என்று கேலி செய்தவர்கள் உண்டு. முரண்பாடுதான். மதுவிலக்குச் சட்டத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை. ஆனால் குடியில் வருகிற பணத்தை ருசி பார்த்த சர்க்கார் சிக்கனம் கற்காது என்ற கணக்கில் கிழவர் தவறவில்லை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் சர்க்காரே நடத்துகிறது. 2023-24ல் அதனால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒண்டவந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். இங்கே கள்ளுப் பணத்துக்குப் பதிலாக வந்த வரியும் போகவில்லை, போன பணமும் திரும்பிவிட்டது; இரண்டு பிடாரிக்கும் பொங்கல் நடக்கிறது.

இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு நிதி அமைச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது. சில நாள் பேசினார்கள். அடுத்த தேர்தலுக்கு எந்தக் கட்சியும் குறைப்பதைப் பற்றிப் பேசவில்லை, கொடுப்பதைப் பற்றித்தான் பேசிற்று. கொடுப்பது தப்பு என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அது யார் மடியிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேரளத்துக்குப் போகும் லாரிகள் 2017 ஜூலை வரை எங்கள் பக்கத்துப் புளியரையில் வரிச் சாவடியில் நின்றுதான் போயின. வரி என்று ஒன்று இருப்பது பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்காவது தெரிந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் அதுவும் இல்லை. சோப்பு உறையின் ஓரத்தில், எல்லா வரிகளும் உட்பட என்று ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதில் வரி எவ்வளவு என்று இலஞ்சிக் கடைக்காரரைக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி, சேத்துத்தான போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு மிச்சச் சில்லறையை எண்ணினார்.