வழக்காடும் தெய்வமும் வாயடைத்த ஊரும்

2019 நவம்பர் 9 இல் அயோத்தித் தீர்ப்பு வந்தபின் நம்மவர் சிலரிடம் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. இந்தியாவில் தெய்வம் சட்டப்படி ஓர் ஆள். அது காணி பூமி வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், வெல்லவும் செய்யலாம். இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லாததால்தான் குருந்தூர்மலை ஆதி ஐயனாரும் வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரரும் நாதியற்று நிற்கிறார்கள். அவர்களுக்கும் சட்ட ஆள் என்ற தகுதியை வாங்கிக் கொடுத்துவிட்டால் வன்னிக் கோயில்களின் கதை மாறிவிடும் என்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள், புலம்பெயர்ந்த உறவுகள் சொல்கிறார்கள், மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் வன்னிக்கு இவ்வளவு பொருந்தாத யோசனை வேறில்லை என்பது என் நெடுநாள் எண்ணம்.

இந்த முறைக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்கத்தாவில் முல்லிக் குடும்பத்தார் குலதெய்வத்தை ஆளுக்கொரு முறை வைத்துப் பூசை செய்து வந்தார்கள். தன் முறை வரும்போது தெய்வத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். 1925 இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. வீட்டுச் சாமான் போலத் தூக்கிக்கொண்டு போகத் தெய்வம் ஒரு பொருளல்ல, அதன் விருப்பமும் கேட்கப்பட வேண்டும் என்றது. கோயில் சொத்தைப் பங்காளிகள் பிரித்துத் தின்னாமல் இருக்க இந்தக் கொள்கை உதவியது. 1969 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தெய்வம் வருமான வரியும் கட்ட வேண்டும் என்றது. உரிமை உண்டென்றால் கடமையும் உண்டு, நியாயந்தான்.

பத்தூர் நடராசரின் கதையை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். 1976 இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் குடிசையருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கையில் அகப்பட்ட வெண்கலச் சிலை அது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982 இல் ஒரு கனேடிய நிறுவனத்திடம் சேர்ந்தது. பொலிஸார் கைப்பற்றினார்கள், வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் அரித்த தடம் வரை ஆராய்ந்தார்கள். பத்தூரில் பாழடைந்து கிடந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில் ஒரு சட்ட ஆளாக லண்டனில் வழக்காடலாம் என்று 1991 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. நடராசர் ஊர் திரும்பினார். பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அந்த வெற்றி எந்த நிலையில் கிடைத்தது என்பதை நம்மவர் கவனிப்பதில்லை. அங்கே பூசை நின்றுபோயிருந்தது, கோயில் இடிபாடாகக் கிடந்தது. மனிதர் இல்லாத இடத்தில் கோயிலை ஆளாக்கினார்கள். ஊருக்குள் எதிர்த்துப் பேசவும் யாரும் இருக்கவில்லை. வென்று வந்த நடராசரும் பத்தூரில் குடியேறவில்லை. திருவாரூர்ச் சிலைக் காப்பகத்தில் பூட்டுக்குள் வைக்கப்பட்டார். வழக்கில் வென்றவர் அவர், வைக்கும் இடத்தைத் தீர்மானித்தது அதிகாரிகள்.

என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. தெய்வம் மன்றில் வாய் திறப்பதில்லை. சட்டம் அதை எக்காலத்திலும் வயதுக்கு வராத பிள்ளையாக வைத்துத்தான் ஆளாக்குகிறது. பிள்ளைக்காக ஒரு பெரியவர் வந்து பேச வேண்டும். அந்தப் பெரியவர் யாரென்று ஊர் கூடித் தீர்மானிப்பதில்லை. படிப்பும் பணமும் ஆள்பலமும் உள்ளவர் முதலில் மன்றுக்குப் போய்ச் சேர்கிறார், தெய்வத்தின் விருப்பம் இதுதான் என்கிறார், அதன்பிறகு அவருடைய விருப்பமே தெய்வத்தின் விருப்பமாகிவிடுகிறது. மறுத்துப் பேசுகிற பக்தர் தெய்வத்துக்கு எதிராகப் பேசுகிறவராகத் தெரிகிறார்.

அயோத்தியையே எடுங்கள். 1989 இல் ராமர் பெயரில் வழக்குப் போட்டவர் தேவகி நந்தன் அகர்வாலா. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், விசுவ இந்து பரிஷத்தைச் சேர்ந்தவர். அவர் காலமானபின் இன்னொருவர் ராமருக்காக நின்றார், அவருக்குப்பின் வேறொருவர். அந்த இடத்தில் தாங்களே வழிவழியாகப் பூசை செய்து வந்தவர்கள் என்று 1959 இலேயே வழக்குப் போட்ட நிர்மோகி அகாராத் துறவிகளின் வழக்கோ காலங்கடந்தது என்று தள்ளப்பட்டது. தெய்வத்தின் பொறுப்பாளர் என்ற தகுதியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2.77 ஏக்கரும் ராமருக்கு என்று தீர்ப்பானது. 2020 பெப்ரவரியில் மத்திய அரசு அமைத்த அறக்கட்டளை அதைப் பொறுப்பேற்றது. பூசை செய்ததாகச் சொன்னவர்களுக்கு அதில் ஓர் இடம் மட்டுமே, அமைத்தது அரசு.

1992 இல் அங்கிருந்த மசூதியை இடித்தது சட்டத்துக்கு மாறானது என்று அதே தீர்ப்பு சொன்னது. சொல்லிவிட்டு, இடித்த நிலத்தைப் பெரும்பான்மையினரின் தெய்வத்துக்கே கொடுத்தது. குருந்தூர்மலையில் நடந்ததைப் பார்த்து நெஞ்சு கொதிக்கிற ஒரு தமிழர் இந்தத் தீர்ப்பைத் தனக்கு முன்மாதிரி என்று எப்படிக் கையில் எடுக்கிறார்? அங்கே தோற்றவர்களின் இடத்தில் அல்லவா இங்கே நாம் இருக்கிறோம்?

நாளைக்கே தெய்வங்களைச் சட்ட ஆள்களாக்கும் ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் ஒன்பதாம் உறுப்புரை உள்ள அரசியலமைப்பின் கீழ், அந்தச் சட்டத்தால் முதலில் பலன் பெறுவது யார்? 2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் படையினர் சூழ வந்து குருந்தூர்மலையில் புத்தர் சிலை வைத்து அகழ்வைத் தொடக்கினார். ஐயனாருக்கு நாம் ஒரு வழக்கறிஞரை அனுப்பினால், அந்த மலைக்கு உரியவர் என்று இன்னொருவரையும் ஆளாக்கி அரசாங்கம் தன் சட்டத்தரணிகளை அனுப்பும். ஒரே மலையில் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குப் பெரியவராக வரப்போவது மலையடித் தண்ணிமுறிப்புக் கமக்காரர், மற்றவருக்குத் தொல்பொருள் திணைக்களம். யார் வெல்வார் என்று விளக்கத் தேவையில்லை.

தெய்வத்தின் பெயரில் காணி உறுதி இருந்தால் தப்பலாமே என்பார்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் காணிச் சொந்தக்காரர் யாரென்று பார்த்து ஒதுங்கிப் போகிற சட்டமல்ல. தனியார் காணியில் உள்ளதையும் அதன்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கலாம். காணிக்காரர் என்ற தகுதி மனிதரைக் காப்பாற்றாத இடத்தில் ஐயனாரை மட்டும் காப்பாற்றும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வன்னித் தெய்வங்களின் தன்மையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குளக்கட்டில் ஒரு மருதமரம். அதன் அடியில் மூன்று கல், துருவேறிய ஒரு சூலம், பாதி எரிந்து கறுத்த கற்பூரத் தடம், போன பொங்கலின் அடுப்புச் சாம்பல். ஐயனார் கோயில் அவ்வளவுதான். சுவரில்லை, உறுதியில்லை, தர்மகர்த்தா சபையில்லை. கதிர் அறுத்தபின் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள் வந்து பொங்குவார்கள், காட்டுக்குள் தேனெடுக்கப் போகிறவர்கள் குழை முறித்துப் போட்டுக் கும்பிட்டுப் போவார்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போகிற சாரதி அரிது. எந்தச் சட்டமும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் நடக்கும், கடலில் தீர்த்தம் எடுப்பார்கள், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரியும். யார் எதைச் செய்வது, எந்தக் குடும்பத்துக்கு என்ன பணி என்பதெல்லாம் ஊரின் நினைவில் இருக்கிறது.

இதை மன்றுக்குக் கொண்டுபோனால் மன்று கேட்பது உறுதி, அளவைப் படம், கல்வெட்டு, பதிவு. மூன்று கல்லிடம் இவை இல்லை. ஆகவே ஆளாக வேண்டுமென்றால் ஐயனார் முதலில் கட்டடமாக வேண்டும், கோபுரம் எழும்ப வேண்டும், குருக்கள் வர வேண்டும், பதிவு செய்த சபை ஒன்று வேண்டும். அந்தச் சபையில் குளக்கட்டில் பொங்கின கிழவி இருக்கமாட்டா. கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர் இருப்பார். போர் முடிந்தபின் நம் பக்கத்தில் பல சின்னக் கோயில்கள் இப்படித்தான் பெரிய கோயில்களாகின. சட்டம் அதற்கு முத்திரையும் குத்திவிடும்.

ஊருக்கு வெளியே உள்ளவர் தெய்வத்துக்காகப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இந்துக் கோயில்களில் மிருகபலியைத் தடை செய்தது. கேட்டுப் போனது ஒரு சைவ அமைப்பு. ஆடு வெட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் வைரவருக்கு எது ஏற்கும், எது ஏற்காது என்று ஆகமம் கற்றவர்கள் மன்றில் எடுத்துச் சொன்னபோது, தலைமுறை தலைமுறையாக அந்த வைரவரோடு வாழ்ந்தவர்கள் தங்கள் வழக்கத்துக்காக மன்னிப்புக் கேட்கிறவர்களைப் போல நிற்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 1950 ஆம் ஆண்டின் மிருகபலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி 2003 இல் அமுல்படுத்தியபோது கிராமத்துச் சனம் கொதித்தெழுந்தது, மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. அங்கே தெய்வத்துக்காக ஊரே நேரில் பேசியது.

ஆறுகளையும் ஆள்களாக்கி வருகிறார்களே, அது உலகப் போக்கல்லவா என்று கேட்கலாம். நியூசிலாந்து 2017 இல் வங்கனுயி ஆற்றை அப்படி ஆக்கியது. ஆற்றுக்காகப் பேசும் இருவரில் ஒருவர் ஆற்றங்கரை மவோரிகளின் ஆள் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மவோரிகள் ஒன்றரை நூற்றாண்டு போராடி வாங்கியது அது. நம் நாட்டில் அந்த இரண்டு கதிரைகளிலும் யார் உட்காருவார்கள்?

வன்னியில் அடிபட்டவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் வெடுக்குநாறிமலையில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. அடுத்த மாதம் நீதிமன்ற அனுமதியோடு ஊர் மீண்டும் பிரதிட்டை செய்தது. 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு, அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பொலிஸார் கலைத்தார்கள். கைதானது எட்டு மனிதர். 19 ஆம் திகதி வவுனியா நீதவான் விடுவிக்கும்வரை அவர்கள் மறியலில் இருந்தார்கள். 2019 செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியருகே, நீதிமன்றக் கட்டளையை மீறி ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். எதிர்த்த சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். குருந்தூர்மலை வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்ரெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று பதவியைத் துறந்து நாட்டைவிட்டுப் போனார். பிள்ளையாருக்குச் சட்ட ஆள் தகுதி இருந்திருந்தால் இதில் எது நடக்காமல் போயிருக்கும்? நீராவியடியில் நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தது. மீறினார்கள். மீறியவரைத் தண்டிக்காத நாட்டில் வழக்காளியின் பெயரை மாற்றி எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நமக்குச் சட்டமே இல்லை என்பதும் சரியல்ல. இங்கே கோயில் அறநோக்குள்ள நம்பிக்கைப் பொறுப்பு. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபட அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. ஐயனாரை எவ்வளவு பெரிய ஆளாக்கினாலும் அவரைக் குடிமகனாக்க முடியாது. கையில் இருக்கிற வலுவான உரிமையை விட்டுவிட்டு அது கிடைக்கவே கிடைக்காத ஒருவரின் பெயரில் மனுப் போடச் சொல்கிறார்கள்.

ஆகவே நம் சட்டத்தரணிகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த மனுவைத் தெய்வத்தின் பெயரில் எழுதாதீர்கள். நெடுங்கேணியிலும் தண்ணிமுறிப்பிலும் செம்மலையிலும் பொங்கினவர்கள், தீர்த்தம் எடுத்தவர்கள், மறியலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களிடம் போய் யார் எந்த ஆண்டு எந்த மரத்தடியில் பொங்கினார்கள் என்று கேட்டுச் சத்தியக்கடதாசியாக இப்போதே எழுதி வையுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றம் போக ஒரு மாதந்தான் தவணை.